கோடு வரைக்கும் தண்ணீர்

தனேஸ்வரியின் அம்மா திலகா அந்தப் படிகாரத்தைத் தெரியாமல் எரிக்கவில்லை. நன்றாகத் தெரிந்துதான் எரித்தாள். அது மகளின் பள்ளிக்கூடச் சாமான் என்று தெரியும். போட்டிக்குப் போகப்போவது என்று தெரியும். அதில் பாதி குமணன் என்கிற பையனுக்குச் சொந்தம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் கொட்டாங்கச்சி நெருப்பில் தூக்கிப் போட்டாள். பெற்ற பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடக்கும்போது போட்டியாவது மண்ணாவது!

விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடலாம். மலேசியாவின் கோலா சிலாங்கூரில் படிவம் நான்கு, அதாவது பத்தாம் வகுப்பு, படிக்கிற தனேஸ்வரியும் அவள் வகுப்புக் குமணனும் சேர்ந்து ஒரு படிகாரப் படிகம் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்துப் புஞ்சாக் ஆலாமில் ஒரு போட்டி. யாருடைய படிகம் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறதோ அவர்களுக்குப் பரிசு. வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பிரேமளா டீச்சர் வகுப்பு முழுக்கத் தேடி இவர்கள் இரண்டு பேரைத்தான் பொறுக்கி எடுத்தார்.

கேட்பதற்கு வேலை எளிது. வெந்நீரில் படிகாரத் தூளைப் போட்டுக் கலக்கினால் கரையும். இன்னும் போட்டால் இன்னும் கரையும். ஒரு கட்டத்தில் தண்ணீர், போதும் சாமி, என்னால் ஆகாது என்று கையை விரித்துவிடும். எவ்வளவு கலக்கினாலும் தூள் அடியில் தங்கியே நிற்கும். அதை ஆறவிட்டு வடிகட்டினால் நிறைவுற்ற கரைசல். அந்தச் சூட்டில் அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட அது ஏற்காது. அதற்குள் தூண்டில் நரம்பில் கட்டிய ஒரு பொடிப் படிகத்தைத் தொங்கவிட்டால், தண்ணீர் மெல்ல ஆவியாக ஆக, உள்ளே இருக்க இடமில்லாமல் போன படிகாரம் எல்லாம் வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். படிகம் வளரும். கரைசலில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தாலோ போச்சு. வளர வேண்டியது கரைந்து தொலைந்துவிடும்.

கரைசல் செய்வது குமணனின் பொறுப்பு. அவன் அம்மா டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அளந்து பார்க்காமல் பால்கூடக் குடிக்க மாட்டான் என்று வகுப்பில் அவனைக் கேலி செய்வார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அடியில் தூள் தங்கியதா என்று கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி கலக்கி, மறுபடி பார்த்துத்தான் ஆறவைப்பான். பொடிப் படிகம் பொறுக்குவதும், மீன்பிடி ஊரான ஜெராமிலிருந்து வாங்கிவந்த அந்த நரம்பில் அதைக் கட்டித் தொங்கவிடுவதும் தனேஸ்வரியின் வேலை. அவள் கை அவ்வளவு பதமான கை.

பள்ளி விடுமுறை வந்தது. ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். படிகத்தை யார் வீட்டில் வைப்பது? குமணன் வீட்டில் ஏர்கோன். போட்டால் குளிரும், நிறுத்தினால் புழுங்கும். கரைசலுக்கு இந்தக் கூத்து ஆகாது. குளிர்ந்தால் குட்டிப் படிகங்கள் வந்து கண்டபடி ஒட்டும், சூடேறினால் இருப்பதும் கரையும். புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் தனேஸ்வரியின் வீடு பழைய கல் லயம், தொழிலாளர் வரிசை வீடு. அதன் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. இரவும் பகலும் ஒரே வெதுவெதுப்பு. பிரேமளா டீச்சரே காரில் வந்து வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த அறைதான் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். தனேஸ்வரிக்குக் காலே தரையில் பாவவில்லை. அந்த வீட்டை இதுவரை யாரும் எதற்கும் நல்ல வீடு என்று சொன்னதில்லை.

சந்தோஷத்தை அடக்கத் தெரிய வேண்டும். இவளுக்குத் தெரியவில்லை. படிகத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். லயத்துச் சனம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க வந்துவிட்டது. பக்கத்து வீட்டு இராஜம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, வைரம் மாதிரி இருக்கிறதே, இதைச் செய்த பிள்ளைக்கு எவ்வளவு மூளை என்று வாயைப் பிளந்தாள். கண் பட்டுவிடப்போகிறது என்று திலகா அப்போதே அறைக் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரமே தனேஸ்வரிக்குக் காய்ச்சல். கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இறங்குவதும் ஏறுவதுமாக அது ஆட்டம் காட்டியது. திலகா மருந்தை நம்பாதவள் அல்ல. மருந்து அதன் வேலையைச் செய்யட்டும், நம் வேலையை நாம் செய்வோம் என்பது அவள் கட்சி. கண்ணேறுக்குப் படிகாரம் சுற்றிப் போடுவது எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் கடைப் படிகாரத்தைச் சுற்றிப் போட்டும் காய்ச்சல் விடவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எதைப் பார்த்துக் கண் வைத்தார்களோ, அதையே சுற்றிப் போட்டால்தானே போகும்!

நேரே பின்னறைக்குப் போனாள். கத்தரிக்கோலால் நரம்பை வெட்டி, படிகத்தைத் துடைத்து எடுத்துவந்து, தூங்குகிற மகளின் தலையைச் சுற்றி, மூன்று தரம் துப்பச் சொல்ல முடியாததால் தானே அவளுக்காகத் துப்பிவிட்டு, நெருப்பில் போட்டாள். அது உருகி, கொதித்து, பொசுபொசுவென்று வெள்ளையாகப் பொங்கி நின்றது. அதில் இராஜம்மாவின் மூக்கு அப்படியே தெரிந்ததாக இன்றைக்கும் சத்தியம் செய்வாள். படிகம் தொங்கிய போத்தலில் இருந்த கரைசலை மட்டும் அவள் தொடவில்லை. படிகத்தை வளர்த்தது அந்தத் தண்ணீர்தானே, தண்ணீர் இருந்தால் இன்னொன்று வளர்ந்துகொள்ளும் என்று ஒரு தட்டைப் போட்டுப் பத்திரமாக மூடிவைத்தாள்.

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. மருந்தோ மூக்கோ, யார் கண்டது?

எழுந்ததும் தனேஸ்வரி போனது பின்னறைக்குத்தான். வெட்டுப்பட்ட நரம்பு மட்டும் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அம்மா நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். பெருமையாகக்கூடச் சொன்னாள். தனேஸ்வரிக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு வந்தது அழுகையைவிட மோசமானது. குமணனிடம் இதை எப்படிச் சொல்வது? அம்மா என் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டுவிட்டாள் என்றா? மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பு குரூப்பில் இது எப்படி ஓடும் என்று நினைத்துப் பார்த்தாள். குமணனின் அம்மா மருந்துக்கடையில் நின்று இதைக் கேட்பதையும் நினைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவை நினைத்து வெட்கம், நெருப்புச் சட்டியை நினைத்து வெட்கம், ஜன்னலில்லாத அந்த அறையை நினைத்துக்கூட வெட்கம்.

கைப்பேசியை எடுத்துக் குமணனுக்கு ஒரு வரி எழுதினாள். கரைந்துபோய்விட்டது என்றாள். எப்படி என்று அவன் கேட்டான். அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பாவி மகள், கரைசல் நிறைவு பெறவில்லை போல என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

 பதில், மன்னிக்கச் சொல்லி வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கடைசியாகக் கலக்கியபோது அவசரப்பட்டுவிட்டேனோ என்னவோ என்று எழுதியிருந்தான். அவனா அவசரப்பட்டான்? அன்றைக்கு அவன் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றதால்தானே இரண்டு பேரும் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள். தனேஸ்வரிக்கு அது நன்றாக நினைவிருந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி. டீச்சரிடம் சொல்லிவிட்டானாம். பள்ளி திறக்கிற திங்கட்கிழமை கரைசலை அப்படியே கொண்டுவரச் சொன்னாராம். ஒரு பொடிப் படிகத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், கரையாமல் நின்றால் கரைசல் சரி, கரைந்தால் சரியில்லை. இப்போது தண்ணீர் நிற்கிற மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் படம் அனுப்பு, இறுக மூடி வை, ஒரு சொட்டுக்கூடக் கூடவோ குறையவோ கூடாது என்று சொல்லியிருந்தான். அவள் கோடு போட்டாள். படம் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கரைசல் சரியாகத்தான் இருக்கிறது. அதில் போடுகிற படிகம் கரையாது. கரையாவிட்டால், முதல் படிகம் எங்கே போனது என்று கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் செய்ததை எழுதவே கை கூசுகிறது. போத்தலைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கரைசலில் ஒரு பங்கைச் சாக்கடையில் சாய்த்தாள். குழாயைத் திறந்து, கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்தாள். மூடி, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. படிகாரம் கரைந்த தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவு. அம்மா பின்வாசலில் துணி மடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் மகள்.

திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் பார்க்கச் சோதனை நடந்தது. பிரேமளா டீச்சர் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டார். கரைதிறன் என்றால் என்ன, அது ஏன் வெப்பத்தைப் பொறுத்து மாறுகிறது என்று மலாயில் விளக்கிக்கொண்டே, போத்தலில் ஒரு பொடிப் படிகத்தை இறக்கினார். குமணன் முன்வரிசையில் தனேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே வெறித்துக்கொண்டிருந்தான். கரையக் கூடாது, கரையக் கூடாது என்று அவன் வேண்டிக்கொள்வது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. பாடம் முடிகிற நேரத்தில் டீச்சர் நரம்பை வெளியே இழுத்தார். முனையில் ஒன்றுமில்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை. டீச்சர்கூட, தவறு நடப்பதுதான், அடுத்த முறை பார்த்துச் செய் என்று தட்டிக்கொடுத்தார். பின்வரிசையில் யாரோ, அளந்து பால் குடிக்கிறவன் என்று முணுமுணுத்தார்கள், சிலர் சிரித்தார்கள். குமணன் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தனேஸ்வரி பக்கம்தான் திரும்பினான். அவள் பதமாகக் கட்டி வளர்த்ததைக் கெடுத்துவிட்டோமே என்று அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் காலடியில் விழாத பேனாவைக் குனிந்து தேடினாள். இப்போது அவளுக்கு அம்மாவை நினைத்து வெட்கமில்லை. உடம்பு முழுக்கக் கூசியது, யாராவது அவளைத் தொட்டிருந்தால் கத்தியிருப்பாள். அப்படியும் வாயைத் திறந்தாளா? இல்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சர் இருவரையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். இப்போது தொடங்கினால்கூடப் போட்டிக்குள் ஒரு சுமாரான படிகமாவது வளர்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. குமணன் முடியாது என்றான்.

"கரைசல் வேலைய வேற யார்கிட்டயாச்சும் குடுங்க டீச்சர். நா திரும்பித் திரும்பி நெனச்சுப் பாத்துட்டேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. தெரியாம எப்படி மறுபடி செய்யறது?"

 தனேஸ்வரியின் நாக்கு நுனி வரைக்கும் உண்மை வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் திலகா வந்து சேர்ந்தாள். தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை முடிந்து, மண் ஒட்டிய முழுக்கைச் சட்டையும் பூட்ஸுமாக, மோட்டார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு, காவலுக்கு நின்ற ஜாகாவிடம் வழி கேட்டு வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. புக்கிட் ரோத்தான் சாமான் கடையில் இருந்த படிகாரத்தையெல்லாம் வாரிக்கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். மகளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நேரே குமணனிடம் போனாள்.

"தம்பி, நீதான குமணன். ஆண்ட்டிய மன்னிச்சுக்கய்யா. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு, எனக்கு வேற ஒன்னும் தோணல. நாந்தான் எடுத்து சுத்திப் போட்டுட்டேன். பாதி உன்னோடதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அதான் மனசு கேக்கல, நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

குமணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதைச் சுற்றிப் போட்டீர்கள் என்று கேட்டான். திலகா விலாவாரியாகச் சொன்னாள். கத்தரிக்கோல், கொட்டாங்கச்சி, பொங்கியது, இராஜம்மாவின் மூக்கு, எதையும் விடவில்லை. பிரேமளா டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தனேஸ்வரியின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவின் வாயை எதைக்கொண்டு அடைப்பது?

அம்மா நிறுத்துவதாக இல்லை. தன் மேல் இருக்கிற தப்பு ஒன்றே ஒன்றுதான் என்று புரியவைத்துவிட வேண்டும் அவளுக்கு.

"தண்ணிய நா தொடவே இல்ல தம்பி. தட்டு போட்டு மூடிதான் வச்சிருந்தேன். இவதான் ஸ்கூலுக்குக் கொண்டு வர்றதுக்கு முந்தி, பழசுல கொஞ்சம் கொட்டிட்டு, கோடு வரைக்கும் பைப்புத் தண்ணி ரொப்பினா. எதுத்தாப்புல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். மறுபடி வளக்க ரெடி பண்றீங்க போலன்னு நெனச்சேன்."

 திலகாவுக்குத் தான் சொன்னதன் அர்த்தம் தெரியாது. அங்கே இருந்த மற்ற மூன்று பேருக்கும் தெரிந்தது. குமணன் மெல்ல நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு முதலில் கோபம் வரவில்லை, உயிர் வந்தது. அப்படியென்றால் கரைசல் சரியாகத்தான் இருந்தது என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னான். இன்னொரு தரமும் சொன்னான். அதற்குப் பிறகுதான் தனேஸ்வரியை நிமிர்ந்து பார்த்தான்.

டீச்சர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அதற்கே அவள் உடைந்துபோனாள். கரைந்துவிட்டதாகப் பொய் சொன்னதையும், தண்ணீர் ஊற்றியதையும் விக்கி விக்கிச் சொல்லி முடித்தாள். திலகா மகளையும் அந்தப் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன? நெருப்புல போட்டது நான். என்னையச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான."

"வெக்கமா இருந்துச்சும்மா."

திலகாவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் அவள் கை தன்னையறியாமல் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியது. அந்தப் பளபளப்பான தரையில் அது விழுந்ததைப் பார்த்துவிட்டு, குனிந்து கையாலேயே கூட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு டீச்சரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் பூட்ஸை மாட்டினாள். தனேஸ்வரி பின்னாலேயே ஓடி அம்மா என்றாள். பஸ்ஸில் வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மோட்டாரைக் கிளப்பினாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லையே என்று இருந்தது மகளுக்கு.

சோதனை எல்லார் முன்னாலும் நடந்தது, அதனால் உண்மையும் எல்லார் முன்னாலும் வர வேண்டும் என்றார் பிரேமளா டீச்சர். திங்கட்கிழமை தனேஸ்வரி வகுப்பின் முன்னால் போய் நின்றாள்.  கண்ணேறு என்றால் என்ன, படிகாரத்தை ஏன் சுற்றிப் போடுவார்கள் என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். இராஜம்மாவின் மூக்கைச் சொன்னபோது வகுப்பு கொல்லென்று சிரித்தது. எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தாளோ, அந்தச் சிரிப்பு வந்தேவிட்டது. வந்து, மழைத் தூறல் மாதிரி அதுபாட்டுக்கு நின்றும் போனது. தங்கள் வீட்டில் மிளகாய் சுற்றிப் போடுவார்கள் என்றாள் பின்வரிசையில் ஒரு மலாய்ப் பெண். குமணன்கூட, எங்க வீட்லயும் படிகாரந்தான்லா என்றான், தலையைத் தூக்காமல்.

அடுத்தபடியாகத் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னாள். கரைசலில் குறையே இல்லை, குறையை நான்தான் உண்டாக்கினேன் என்றாள். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. 

அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். குமணன் எழுந்து, தன் புத்தகங்களை அடுக்கி எடுத்தான். கரைசலை நானே செய்கிறேன், நரம்பு கட்டவும் நானே பழகிக்கொள்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னான். அவளுக்குப் பக்கத்தில் கிடந்த தன் நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.